அலாரம் வேண்டாம், வாத்தியம் வேண்டும்

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குள் நுழைந்தால் பெண் பிள்ளைகளின் மேசைகளைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். அங்கே ஏதாவது ஒன்று அலறிக்கொண்டிருக்கும். மழை வந்தால் அலறும் கருவி, கேஸ் கசிந்தால் அலறும் கருவி, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் அலறும் கருவி. இவற்றுக்கு நடுவே ஆண்டு தவறாமல் பெண்கள் பாதுகாப்புக் கருவி: செருப்பிலோ கைப்பையிலோ வளையலிலோ ஒளித்துவைத்த ஒரு பஸ்ஸர். பொத்தானை அழுத்தினால் ஊரைக் கூட்டும். நடுவர்கள் புன்னகையோடு அழுத்திப் பார்த்து, காதைப் பொத்திக்கொண்டு, 'வெரி குட்மா' என்று சொல்லி நகர்வார்கள்.

எதிர்ப்பக்கம் ஆண் பிள்ளைகளின் மேசைகள். ரோபோ, ட்ரோன், பாட்டுக்கு ஏற்ப மினுக்கும் விளக்கு, பழைய ஸ்பீக்கரைப் பிரித்துக் கட்டிய ஆம்ப்ளிஃபயர். ஆம்ப்ளிஃபயர் எதற்கு என்று அவனிடம் யாரும் கேட்பதில்லை. பாட்டுப் போட்டால் சத்தமாகக் கேட்கும், அவ்வளவுதான், அது போதும். அதே மின்சாரம், அதே ஸ்பீக்கர். அவன் கையில் கொண்டாட்டம், இவள் கையில் ஆபத்து.

இந்த ஆண்டு பூம்பாறைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். மலையில் சில பெண் பிள்ளைகளுக்கு மாலையில் இயற்பியல் சொல்லித் தருகிறேன், அந்தப் பழக்கம். "அக்கா, எலக்ட்ரானிக் மியூசிக்ல ஒரு புராஜெக்ட் பண்ணணும். எதை எடுக்கலாம்?" என்றாள். பள்ளியிலும் கேட்டிருக்கிறாள். கிடைத்த பதில்: "பெண்கள் பாதுகாப்பு அலாரம் பண்ணும்மா, அதுல ஒரு ட்யூன் வெச்சுடு. மியூசிக்கும் ஆச்சு, சோஷியல் மெசேஜும் ஆச்சு." சொன்ன ஆசிரியர் நல்லவர். பிள்ளைகளுக்காகச் சொந்தக் காசில் ஒயர் வாங்கித் தருபவர். நல்லவர்கள் சொல்லும் யோசனையாக அது இருப்பதால்தான் அதை எதிர்த்து இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த அலாரத்தைப் பார்த்துவிடுவோம். மேல்மலையில் சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் பனிமூட்டம் இறங்கிவிடும். கடைசிப் பேருந்தை விட்டு இறங்கி, விளக்கில்லாத சாலையில், பூண்டுத் தோட்டங்களுக்கு நடுவே வீட்டுக்கு நடக்கும் பெண்ணின் செருப்பில் ஒரு பஸ்ஸர் அலறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் காதில் விழும்? காட்டுமாட்டின் காதில் விழலாம். அவளுக்குத் தேவை இன்னும் ஒரு பேருந்து, நான்கு தெருவிளக்கு, பக்கத்து வீட்டுப் பையனை அவன் வீட்டார் வளர்க்கும் விதத்தில் ஒரு மாற்றம். இவை எதையும் பதினாறு வயதுப் பெண் பிரெட்போர்டில் செய்ய முடியாது. செய்ய வேண்டியவர்கள் கண்காட்சியைத் தொடங்கிவைக்க வந்து ரிப்பன் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் செய்யாத வேலையை அவள் தன் செருப்பில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டுமாம். அதற்கு ஒரு சான்றிதழும் தருவார்களாம். ஒரு பெண் அறிவியலுக்குள் எடுத்துவைக்கும் முதல் அடியிலேயே 'நீ தாக்கப்படக்கூடியவள், அதற்கான ஏற்பாட்டை நீயே செய்துகொள்' என்று சொல்லிக்கொடுக்கும் பாடத்திட்டத்தை நான் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பயன் என்ற சொல்லுக்கு வருவோம். ஒன்றிய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் தேர்வாகும் மாணவருக்கு 10,000 ரூபாய் கிடைக்கிறது. நல்ல திட்டம்தான், அந்தப் பணம் மலைக்கிராமத்துப் பிள்ளையின் கைக்கு வருவது பெரிய விஷயம். ஆனால் அது கேட்பது சமூகத் தேவைக்கான கண்டுபிடிப்பு. சமூகத்தின் தேவை எது என்று பட்டியல் போடுபவர்களிடம் ஒரு பெண் பிள்ளைக்கு இசை தேவை என்பதைச் சொல்லிப் பாருங்கள். பையனின் ஆம்ப்ளிஃபயருக்குப் 'பொழுதுபோக்கு', 'ஆர்வம்' என்ற தலைப்புகள் இருக்கின்றன. பெண்ணின் கைவேலைக்கு மட்டும் எப்போதும் யாருக்காவது உதவ வேண்டும் என்ற கடமை. சமையல் உதவும், தையல் உதவும், கருவியும் உதவத்தான் வேண்டும். வெறுமனே ஒலிக்கும் ஒன்றைச் செய்ய அவளுக்கு நேரம் ஏது? பள்ளி விட்டு வந்தால் பூண்டு ஆய்ந்து தரம் பிரிக்க வேண்டும். தண்ணீர் பிடிக்க வேண்டும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை உரிக்கும் விரல்களுக்கு அரை மணி நேர ஓய்வு கிடைத்ததா என்று யாரும் குறித்துவைக்கவில்லை.

இந்த அலாரத்தின் வயிற்றைத் திறந்தால் உள்ளே இருப்பது 555 என்ற ஐசி. எட்டுக் கால் கொண்ட கறுப்புப் பூச்சி. 1971இல் ஹான்ஸ் காமென்சிண்ட் வடிவமைத்தது, இன்றும் பத்துப் பதினைந்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரண்டு மின்தடைகளும் ஒரு கெப்பாசிட்டரும் சேர்த்தால் நொடிக்கு இத்தனை முறை என்று விட்டுவிட்டுத் துடிக்கும். அந்தத் துடிப்பை ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் ஒலி. மின்தடையை ஓரளவில் வைத்தால் அலறல். இன்னோர் அளவில் வைத்தால் ஷட்ஜம். அலாரத்துக்கும் வாத்தியத்துக்கும் நடுவே இருக்கும் தூரம் ஒரு திருகு. அந்தத் திருகைத் திருப்பும் முடிவை அவள் எடுக்கட்டும் என்பதுதான் என் வாதம் முழுவதும்.

'பெண்களும் இசையும் என்றால் பிரச்சினை எங்கே இருக்கிறது? நம் ஊரில் பெண்களைத்தான் பாடக் கேட்கிறோமே' என்பார்கள். ஆமாம், பாடத்தான் கேட்கிறார்கள். பெண் குரலுக்குத் தமிழ்நாடு கோயில் கட்டும். அந்தக் குரலைப் பிடித்து, வெட்டி, ஒட்டி, எதிரொலி சேர்த்து அனுப்பும் மேசைக்கு இந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினியைக் கொண்டு இசை செய்தார், 1992இல் 'ரோஜா' வந்தது, வீட்டோடு சேர்ந்த ஸ்டுடியோவில் ஓர் இளைஞர் ராத்திரியெல்லாம் விழித்து உருவாக்கிய ஒலி என்ற கதை ஒரு தலைமுறைப் பையன்களுக்குக் கனவானது. அந்தக் கனவுக்கு மூன்று பொருள் வேண்டும்: ஓர் அறை, அறைக்குத் தாழ்ப்பாள், தூங்காமல் கழிக்க ஓர் இரவு. எந்தப் பெண்ணுக்கு இந்த மூன்றும் சேர்ந்து கிடைத்திருக்கிறது? பவதாரிணி படங்களுக்கு இசையமைத்தவர். 2002இல் ரேவதி இயக்கிய 'மித்ர், மை ஃப்ரெண்ட்' படத்துக்கு இசை அவர்தான். ஆனால் தேசிய விருது வந்தது 'பாரதி' படத்தில் பாடியதற்கு. 2024இல் அவர் மறைந்தபோதும் பெரும்பாலானவர்கள் நினைவுகூர்ந்தது குரலை. இளையராஜாவின் மகளுக்கே இதுதான் என்றால் பூம்பாறைப் பக்கத்துப் பெண்ணுக்கு என்ன?

கச்சேரி மேடையையும் சொல்ல வேண்டும். பின்வரிசையில் தம்பூராவை மடியில் சாய்த்து, முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் மூன்று மணி நேரம் மீட்டிக்கொண்டிருக்கும் சிஷ்யையை, மகளை, நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவள் பெயர் அழைப்பிதழில் இருக்காது. 1970களின் இறுதியில் பெங்களூரில் ராஜ் நாராயண் என்ற புல்லாங்குழல் கலைஞர், பொறியாளரும்கூட, மின்னணுத் தம்பூராவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அருமையான கருவி, குறை சொல்ல ஒன்றும் இல்லை. அது வந்ததும் பின்வரிசைப் பெண்ணின் நாற்காலி பல மேடைகளில் காலியானது. இயந்திரம் அவள் வேலையை எடுத்துக்கொண்டது, அந்த இயந்திரத்தைச் செய்யும் வேலையை மட்டும் யாரும் அவளிடம் கொடுக்கவில்லை. சுருதியின் ஒவ்வொரு அசைவையும் காதால் அறிந்தவள் அவள்தான்.

வெளியூர்க் கதையும் வேறு மாதிரி இல்லை. லண்டனில் பிபிசியின் ஒலிப் பட்டறையை 1958இல் தொடங்கியவர்களில் முக்கியமானவர் டாஃப்னி ஓரம். போர்க்காலத்தில் ஆண்கள் இல்லாத இடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒலிக்கருவிகளைக் கற்றவர். பட்டறை தொடங்கிய மறு ஆண்டே வெளியேறித் தனியாக ஓர் இயந்திரம் செய்தார்: ஃபிலிம் சுருளில் கோடு வரைந்தால் அந்தக் கோடு ஒலியாக மாறும். டெலியா டெர்பிஷயர் கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். ஓர் இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டபோது ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்றார்கள். 1963இல் 'டாக்டர் ஹூ' தொடரின் முகப்பு இசையை, ரான் கிரெய்னர் தாளில் எழுதிக் கொடுத்த சில வரிகளிலிருந்து, ஒலிநாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி உருவாக்கினார். கிரெய்னரே பாதிப் பங்கை அவருக்குத் தர விரும்பியும் நிறுவன விதி இடம் தரவில்லை. அவர் பெயர் அந்தத் தொடரின் திரையில் வந்தது 2013இல். அவர் இறந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள்.

நம் நாட்டுக் கதை இன்னும் வேடிக்கை. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969லேயே மூக் சின்தசைசருடன் ஒரு மின்னணு இசைக் கூடம் இருந்தது. அதை நிறுவ அமெரிக்காவிலிருந்து டேவிட் டியூடர் வந்தார். அவரை இந்த ஊருக்குக் கொண்டுவந்த தொடர்பின் வேர் கீதா சாராபாய். ஆண்களின் வாத்தியம் என்று ஒதுக்கப்பட்ட பக்வாஜைக் கற்ற பெண். 1946இல் நியூயார்க் போய் ஜான் கேஜிடம் மேற்கத்திய இசை கற்று, அவருக்கு இந்திய இசை கற்பித்தவர். உலக இசை வரலாற்றில் அவர் எப்படி வருகிறார்? ஜான் கேஜுக்கு இந்தியத் தத்துவம் சொன்ன பெண்ணாக வருகிறார். அவரே அந்தக் கூடத்தில் உட்கார்ந்து செய்த மின்னணு இசை நாடாக்களில் கிடந்து, பால் பர்கஸ் என்ற கலைஞர் தேடி எடுத்து, 2023இல்தான் இசைத்தட்டாக வந்தது. இந்தியாவில் மின்னணு இசையின் தொடக்கத்திலேயே ஒரு பெண் இருக்கிறார். இதைப் பதினோராம் வகுப்புப் பெண்ணிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒரே கேள்வி: "அவங்க பணக்காரங்களா அக்கா?" ஆமாம், ஆலை முதலாளி வீட்டுப் பெண். அந்தக் கேள்வியின் நியாயத்தை நான் மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும் ஒன்றைத் தேடினோம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தோம். யூஎம்66 என்ற மூன்று கால் மெலடி சிப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பெயர் தெரியாவிட்டாலும் கேட்டிருப்பீர்கள். வாழ்த்து அட்டையைத் திறந்தாலும் காலிங் பெல்லை அழுத்தினாலும் கீச்சுக் குரலில் ஒரே ட்யூன் பாடும். மின்சாரம் கொடுத்தால் பாடும், எடுத்தால் நிறுத்தும், தைவான் தொழிற்சாலையில் பதித்து அனுப்பிய பாட்டைத் தவிர வேறெதுவும் பாடாது. 'மியூசிக்கல் டோர்பெல்' என்ற பெயரில் பெண் பிள்ளைகளுக்கு அதிகம் பரிந்துரைக்கப்படும் திட்டம் இதுதான். இதைவிடப் பொருத்தமான மருமகளை யாரும் வடிவமைத்திருக்க முடியாது. இது வேண்டாம் என்று முதல் நிமிடத்திலேயே முடிவு செய்தோம்.

கைபேசிச் செயலியிலேயே இசை செய்யலாமே என்றால், செய்யலாம், மோசமில்லை. ஆனால் கைபேசி யாருடையது? அப்பாவுடையது, இல்லாவிட்டால் அண்ணனுடையது. அவளுக்கென்று ஒன்று இருந்தாலும் அது எந்த நேரமும் வாங்கிப் பார்க்கப்படும், கோபம் வந்தால் பிடுங்கப்படும். பிடுங்கப்படும் பொருளுக்குள் அவள் இசை இருக்க வேண்டாம். ஆர்டுவினோ நல்லது. பல பள்ளிகளில் அடல் டிங்கரிங் லேப் என்று 20 லட்சம் ரூபாய் வரை மானியம் பெற்ற கூடங்கள் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் அதன் சாவி ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் கீழிறங்கும். திறந்த நாளிலும் கணினி முன் மாணவர்கள், பெயர்ப் பலகைக்குக் கலர் அடிக்க மாணவிகள். தெரமின் அழகானது. தொடாமலே கையசைவில் பாடும், கிளாரா ராக்மோர் அதை வயலின் போல வாசித்தார். ஆனால் ஈரமும் வெப்பமும் மாற மாற அதன் சுருதியும் நகரும். பனிமூட்டத்தில் தெரமினை நிலைநிறுத்துவது முதல் முயற்சிக்கு ஏற்ற வேலை அல்ல. எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் ஆசையும் இருந்தது அவளுக்கு. கொடைக்கானல் வானொலியின் 100.5ஐக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம் என்பதால் அதை விட்டோம்.

பென்சிலால் கோலம் போட்டு அதைத் தொட்டால் ஒலிக்கும் கருவி ஒன்று உண்டு. பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும், கோட்டின் நீளம் மின்தடையாகும், அவ்வளவுதான். ஓரம் அம்மையார் செய்ததற்குத் தூரத்து உறவு. செய்து பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் நடுவர்கள் உடனே 'நம்ம கலாச்சாரம்' என்று உருகிப் படம் எடுத்து, அவளைப் பாவாடை தாவணியில் வரச் சொல்வார்கள் என்ற பயம் எனக்கு. அவளுக்கு அந்தப் பயம் இல்லை. அடுத்த ஆண்டு அதைச் செய்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

கடைசியில் எடுத்தது சுருதிப் பெட்டி. மூன்று 555: ஒன்று கீழ் ஷட்ஜம், ஒன்று பஞ்சமம், ஒன்று மேல் ஷட்ஜம். இதில் என்ன பெரிய புரட்சி என்று கேட்பீர்கள். அவள் கட்டையில் அமைந்த சுருதிப் பெட்டி என்பதுதான். நான் படித்த பள்ளியில் ஆர்மோனியம் ஆசிரியரின் வசதிக்கு இரண்டு கட்டையில் நிற்கும், நாங்கள் எல்லோரும் தொண்டைக்குள் முனகுவோம் அல்லது மேலே போய்க் கிறீச்சிடுவோம். பெண் பிள்ளைகளுக்குக் குரல் சரியில்லை என்று ஆண்டு விழாவில் பாடப் பையன்களை எடுப்பார்கள். ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை என்றால் பெண்களுக்குப் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரை. இந்தப் பெண்ணுக்கு ஐந்து கட்டை. அதாவது 196 ஹெர்ட்ஸ்.

கணக்கு இப்படிப் போகும். 555இன் அதிர்வெண் வேண்டுமானால், முதல் மின்தடையோடு இரண்டாம் மின்தடையின் இரு மடங்கைக் கூட்டி, அதைக் கெப்பாசிட்டரின் மதிப்பால் பெருக்கி, வந்ததால் 1.44ஐ வகுக்க வேண்டும். கெப்பாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரட், முதல் மின்தடை 10 கிலோ ஓம் என்று நிறுத்திவைத்தால், 196 ஹெர்ட்ஸுக்கு இரண்டாவது மின்தடை ஏறக்குறைய 31.7 கிலோ ஓம். பஞ்சமம் ஷட்ஜத்தைப் போல ஒன்றரை மடங்கு, 294 ஹெர்ட்ஸ், அதற்கு 19.5. மேல் ஷட்ஜம் இரு மடங்கு, 392, அதற்கு 13.4. அந்த இடத்தில் 50 கிலோ ஓம் திருகு ஒன்றை வைத்து, தாளில் போட்ட கணக்கைக் காதால் சரிபார்த்துக்கொள்ளலாம். பதினோராம் வகுப்பு இயற்பியலின் கடைசி அலகுகள் அலைவுகளும் அலைகளும்தான். 'விம்மல்கள்' என்று ஒரு பகுதி வரும். இரண்டு ஒலிகள் கிட்டத்தட்ட ஒத்து, முழுக்க ஒக்காதபோது எழும் ஏற்ற இறக்கம். தேர்வுக்கு வரையறை மனப்பாடம் செய்திருந்தவள், திருகை மெல்லத் திருப்பத் திருப்ப அந்த ஏற்ற இறக்கம் வேகம் குறைந்து, நீண்டு, ஓரிடத்தில் நின்றுபோவதைக் கேட்டாள். "நின்னுடுச்சு அக்கா" என்றாள். அதற்குப் பிறகு அரை மணி நேரம் வேண்டுமென்றே கலைத்துக் கலைத்துச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிதாகத் தொல்லை தந்தவை இரண்டு. மூன்று ஐசிகளும் ஒரே பேட்டரியில் குடித்தனம் நடத்துவதால் ஒன்றின் துடிப்பு இன்னொன்றைத் தன் பக்கம் இழுக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை மின்வழியில் போட்ட பிறகுதான் அவரவர் சுருதியில் நின்றார்கள். அடுத்தது குளிர். மலிவான வட்டத் தட்டு செராமிக் கெப்பாசிட்டரின் மதிப்பு வெப்பநிலையோடு ஊசலாடும். மத்தியானம் வெயிலில் சேர்த்த சுருதி விடியற்காலைக் குளிரில் வேறெங்கோ நிற்கும். பாலியெஸ்டர் கெப்பாசிட்டர் மாற்றியதும் அடங்கியது. சமவெளியில் எழுதப்பட்ட எந்தப் புராஜெக்ட் புத்தகமும் மேல்மலையின் ஜனவரியை நினைத்து எழுதப்படவில்லை. அந்த ஒரு பக்கத்தை அவள் தன் பதிவேட்டில் தானே எழுதிச் சேர்த்தாள். மூன்று ஒலிகளையும் தலா 10 கிலோ ஓம் வழியாக ஒன்றுசேர்த்து, முரட்டு ஓசையை மழுக்க ஒரு சிறு கெப்பாசிட்டரைத் தரையோடு இணைத்து, எல்எம்386 ஆம்ப்ளிஃபயருக்குள் விட்டால் வேலை முடிந்தது. தம்பூராவின் இனிமை வராது. ரீங்காரம் வரும், வண்டு கூட்டமாகப் பாடுவது போல. அவளுக்குப் பிடித்திருக்கிறது.

'சுருதி, ஷட்ஜம் என்று போனால் அது சபாக்காரர்களின் இசை ஆகிவிடாதா?' என்று ஒரு தோழி கேட்டார். நல்ல கேள்வி. சுருதியைச் சபாக்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது யார்? நாகசுரத்தின் பக்கத்தில் ஒத்து ஊதியவர் பிடித்ததும் சுருதிதான். நடவு வயலில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வந்து சேர்வதும், ஒப்பாரியில் ஒருத்தியின் ஓலம் அடங்கும் இடத்திலிருந்து அடுத்தவள் எழுவதும் ஒரு ஆதார ஒலியைப் பிடித்துத்தான். இந்தப் பெண் தன் பெட்டியின் மேல் பாடிப் பார்த்தது அவள் ஆத்தா பூண்டு உரிக்கும்போது முனகும் ஒரு மெட்டு. பஞ்சமத்தின் திருகுக்குப் பதிலாக ஒளி உணரும் எல்டிஆர் ஒன்றை மாட்டினால் கையின் நிழலுக்கு ஏற்ப ஒலி வழுக்கும். அதையும் மாட்டியிருக்கிறாள், அப்போது அது எந்த ராகத்திலும் அடங்காது.

சால்டரிங் அயன் யார் கையில் என்பதில் நான் பிடிவாதம் பிடித்தேன். மற்ற எதிலும் விட்டுக்கொடுக்கலாம். வீட்டில் அண்ணன் வந்து "நான் பத்து நிமிஷத்துல வெச்சுத் தரேன்" என்பான். அன்பாகத்தான் சொல்வான். அந்தப் பத்து நிமிடத்தில் புராஜெக்ட் அவனுடையதாகிவிடும். "முகத்துல தெறிச்சா நாளைக்கு யாரு கட்டுவா" என்று பாட்டி சொல்வாள். அதே பாட்டி கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் முன் அவளை எட்டு வயதில் நிறுத்தியவள். முதல் நாலைந்து இணைப்புகள் உருண்டையாக, மங்கலாக, ஒட்டாமல் வரும். வரட்டும். உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி வைக்கட்டும். உதிரிப் பாகம் வாங்கப் பூம்பாறையிலிருந்து கொடைக்கானல், அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாக மதுரை வரை பேருந்து மாறிப் போனோம். கடைக்காரர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார், "தம்பிக்கா மேடம், புராஜெக்ட்டு?" என்று. பட்டியலை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஈயம் இல்லாத சால்டர்தான் வாங்கினோம். விலை கூடுதல், உருகவும் அடம் பிடிக்கும். ஆனால் இது கொடைக்கானல். பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகள் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கண்டுபிடிக்கப்பட்டு, 2001இல் இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை மூடப்பட்ட ஊர். கண்ணுக்குத் தெரியாத உலோகத்தைப் பற்றி இங்கே வளரும் பிள்ளைக்கு அலட்சியம் இருக்கக் கூடாது. அந்தத் தொழிலாளர்களுக்காக 2015இல் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் ஒரு ராப் பாடல் வெளியிட்டார். கடன் வாங்கிய மெட்டு, இயந்திரத் தாளம், கறாரான வார்த்தைகள். உலகெங்கும் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். மறு ஆண்டு நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பதினைந்து ஆண்டுப் போராட்டம் அவர்களுடையது, பாட்டு கடைசியில் வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் யோசித்துப் பாருங்கள், 'ராப் பாட்டு புராஜெக்ட்' என்று ஒரு பெண் பிள்ளை விண்ணப்பம் கொடுத்திருந்தால் சமூகப் பயன் என்ற கட்டத்தில் நம் நடுவர்கள் எத்தனை மதிப்பெண் போட்டிருப்பார்கள்?

'சுருதிப் பெட்டி கடையிலேயே கிடைக்கிறதே, செயலியே இலவசமாக இருக்கிறதே, இதில் புதுமை என்ன?' என்று கேட்கத்தான் போகிறார்கள். தோசையும் கடையில் கிடைக்கிறது. ஆனாலும் அவளுக்குச் சுடத் தெரிந்திருக்க வேண்டும் என்று இந்த ஊரே ஒரே குரலில் சொல்லும். 'அப்பா செய்து கொடுத்தாரா?' என்ற கேள்வியும் வரும். பையன்களிடம் இதைக் கேட்பதை நான் கண்டதில்லை. அதற்கென்றே பெட்டியின் மூடியைத் திருகாணி போடாமல் விட்டிருக்கிறோம். கேட்பவர் முன் அவள் திறந்து காட்டுவாள், எந்த ஒயரை வேண்டுமானாலும் பிடுங்கச் சொல்வாள், திரும்ப வைப்பாள்.

பரிசு கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம். மாணவிகளைக் கண்காட்சிக்கு அழைத்துப் போகும் ஆசிரியைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அலாரத்துக்கு முதல் பரிசு தரும் குழுவில் நீங்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். அடுத்த முறை அந்த மேசையில் 'இது எதற்கும்மா?' என்று கேட்பதற்கு முன் 'இது எப்படி ஒலிக்கிறது?' என்று கேளுங்கள். 'சத்தமா இருக்கு, கொஞ்சம் நிறுத்தி வையேன்' என்று பக்கத்து மேசைக்காரர்கள் சொல்லும்போது அவளிடம் வந்து நிறுத்தச் சொல்லாமல் இருங்கள்.

பேட்டரியைப் பற்றி ஒரு குறிப்பு, இதே கருவியைச் செய்ய நினைக்கும் பிள்ளைகளுக்கு. 9 வோல்ட் சதுர பேட்டரி மூன்று 555க்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் சேர்த்து அரை நாள்கூடத் தாக்குப்பிடிக்காமல் போகலாம். மத்தியானத்துக்குள் குரல் கம்மிவிடும். ஆறு பென்சில் செல்களை வரிசையாக இணைத்துப் போடுங்கள். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பரிசளிப்பு விழாப் பேச்சுகள் முடியும்வரை ஒலித்துக்கொண்டிருக்கும்.